பதினெட்டு சதவீதம்

ஒரு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அவதூறு தடுப்பு அலுவலகத்துக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். திங்கட்கிழமை எல்லா அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே குறைதீர் நாள். பட்டா கேட்டு வந்தவர்களுக்கும் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களுக்கும் நடுவில் 'என்னைக் கைது செய்யுங்கள்' என்று மனுவோடு நிற்பவன் நான் ஒருவன்தான். உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, நான் எழுதிக் கொண்டுபோன தாள்களை மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்னத்தைச் சொல்ல. திருடன் நான்தான் என்று கத்துகிறவனைப் பிடிக்காத ஊர் உலகத்திலேயே எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

என் பெயர் மாசிலாமணி. வயது ஐம்பத்தெட்டு. மணற்கரையின் ஒரே தினசரியில் இருபத்தாறு வருடம் நிருபராக இருந்தேன். சித்தப்பா ஆட்சிக்கு வந்த இரண்டாம் வருடம் அதை இழுத்து மூடினார்கள்.

சித்தப்பா என்றால் என் அப்பாவின் தம்பி இல்லை. நாட்டின் தலைவர். சின்னக் குழந்தையிலிருந்து கிழடுகள் வரைக்கும் அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டார்கள், ஆசையாகவே கூப்பிட்டார்கள். வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் காலையில் போன் அடிக்கும். அவர் குரலிலேயே பெயர் சொல்லி வாழ்த்து வரும். சாயங்காலம் தபால்காரர் லட்டு கொண்டுவந்து கொடுப்பார். மெஷின்தான் பேசுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் என் கூடப்பிறந்த அக்கா அந்த போனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பெத்ததுங்களே மறந்துடுதுங்கடா. அந்த மனுஷன் மறக்கலையே" என்றாள். என்னத்தைச் சொல்ல. இவ்வளவு அன்பாக ஏமாற்றுகிற ஆளை எதிர்த்து எழுதுவது லேசான காரியம் இல்லை.

எழுதினேன். 'எதிர்வீட்டு ஜன்னல்' என்று ஒரு வலைப்பூ. பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. முதல் ஆறு மாதம் நாற்பது பேர் படித்தார்கள். பிறகு அந்தத் தண்ணீர் லாரி வந்தது. ஒரே மாதத்தில் மூன்று ஊரில் மூன்று குடிநீர்த் தொட்டிகளைச் சித்தப்பா திறந்துவைத்தார். மூன்று விழாவிலும் குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியது, ஜனங்கள் கைதட்டினார்கள். மூன்று படத்திலும் மேடைக்குப் பின்னால் ஒரே லாரி, இடது பக்க விளக்கு உடைந்த அதே லாரி. அந்தப் பதிவை நாடே படித்தது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், நான் யாரென்று தெரியாமல், அதன் கடைசி வரியை என்னிடமே சொல்லிச் சிரித்தார். 'தொட்டி மூன்று, லாரி ஒன்று, தாகம் மட்டும் எல்லோருக்கும் தனித்தனி.' அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அது ஆளைக் கெடுத்துவிடும்.

அந்த வரியை எழுதியது நான் இல்லை. அது ஃபிலோமினா போட்டது.

ஃபிலோமினா எங்கள் தினசரியில் மெய்ப்புத் திருத்துபவராகச் சேர்ந்து உதவி ஆசிரியராக ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். கையில் எப்போதும் பச்சை மைப் பேனா. சிவப்பில் திருத்தினால் எழுதினவனுக்கு அடி வாங்கிய மாதிரி இருக்கும் என்பார். வலைப்பூ தொடங்கியபோது நான்தான் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் அனுப்பினால் தடம் கிடைத்துவிடும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பதினாலாம் நம்பர் பஸ். மார்க்கெட்டில் நான் ஏறுவேன், மாதா கோயில் நிறுத்தத்தில் அவர் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்காருவார். தோளுக்கு மேலே தாளைக் கொடுப்பேன். ஜெபப் புத்தகத்தை அடியில் வைத்துக்கொண்டு, துறைமுகம் போய்ச்சேரும் ஐம்பது நிமிடத்துக்குள் திருத்தி, திரும்பிப் பார்க்காமலே தருவார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் சென்டரில் நான் அதை அடித்து ஏற்றிவிட்டு, தாளைக் கொளுத்திவிடுவேன். ஒரு துண்டுகூட மிச்சம் வைத்ததில்லை. அதை ரொம்பச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பத்தி எழுதி முடித்ததும் வாய் பெருமூச்சு விடுகிற மாதிரி கை தானாக 'என்னத்தைச் சொல்ல' என்று எழுதிவிடும். ஃபிலோமினா இருபது வருடமாக அதை அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏதோ சொல்லணும்னுதானே எழுதுறீங்க மணி? எழுதிட்டு என்னத்தைச் சொல்லன்னு எங்களையே கேட்டா நாங்க எங்க போறது?" என்பார்.

அந்தப் பழக்கத்தை இந்த ஒரு வருடத்தில் அடியோடு விட்டுவிட்டேன். என்னத்தைச் சொல்ல.

நடைமானி வரப்போகிறது என்ற செய்தியை அவர்தான் பஸ்ஸில் சொன்னார்.

"எழுத்தை வச்சே ஆளைப் பிடிக்கிற மெஷினாம் மணி. கைரேகை மாதிரின்னு போட்டிருக்கான். நீங்க எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தையைப் போடுவீங்க, எங்க மூச்சு வாங்குவீங்க, எதைச் சொல்லாமத் தாண்டிப் போவீங்க, எல்லாத்தையும் எண்ணுமாம்."

"எண்ணிட்டுப் போகட்டுமே. எதோட ஒப்பிட்டுப் பார்க்கும்?"

"எல்லார் எழுத்தும் அவங்ககிட்ட இருக்கே! பள்ளிக்கூடக் கட்டுரை, பழைய பத்திரிகை, ரேஷன் கார்டு மனு, அத்தனையும். எண்பது சதவீதம் ஒத்துப்போனா எழுதினது அவர்தான்னு கோர்ட்டே ஒத்துக்கும். ஏழு வருஷம்."

பஸ் பாலத்தைத் தாண்டியது.

"நிறுத்திடலாமா மணி?" என்றார்.

நிறுத்தியிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு 'சரி' என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர் வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த வாரம்தான் வாசகர் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தொட்டிருந்தது. எனக்குத் தலைக்கனம்.

"நான் வேற மாதிரி எழுதுறேன். என் எழுத்துன்னு எவனுக்கும் தெரியாத மாதிரி" என்றேன்.

அப்படியே செய்தேன். வாக்கியங்களைத் தலைகீழாகப் போட்டேன். நான் பயன்படுத்தாத வார்த்தைகளைத் தேடித் தேடிப் போட்டேன். பாதியில் உடைத்தேன், சம்பந்தமில்லாமல் ஒட்டினேன். அந்தத் தாளைக் கையில் வாங்கிய ஃபிலோமினா முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மணி இது, விபத்து நடந்த இடம் மாதிரி இருக்கு?"

"அப்படித்தான் இருக்கணும். ரொம்பத் திருத்தாதீங்க."

"சரி" என்றார். ஆனால் பச்சைப் பேனா ஓடிக்கொண்டேதான் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும்போது கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "தெரிஞ்சே கோணலா விட என் கை வரமாட்டேங்குது."

முப்பது வருடம் கோணலை நிமிர்த்திய கை. நான் எவ்வளவு குலைத்துக் கொடுத்தேனோ, அவ்வளவும் அவர் கட்டிக் கொடுக்கும்படி ஆனது. முன்பெல்லாம் என் எழுத்தில் அவர் திருத்தம் இருந்தது. இப்போது அவர் எழுத்தில் என் தகவல்தான் இருந்தது.

இதை நான் அப்போது உணரவில்லை என்று சொல்லத்தான் ஆசை. பொய். ஒரு வெள்ளிக்கிழமை இன்டர்நெட் சென்டரில் பதிவை அடித்து முடித்து ஒருமுறை படித்தேன். பல வருடம் முன்பு படகோடு கடலில் போன ஒரு மீனவருக்கு ஃபிலோமினா எழுதிய அஞ்சலி ஞாபகத்துக்கு வந்தது. அதே நிதானம், அதே இடத்தில் நிறுத்தம். 'இது முழுக்க அவர் எழுத்தாக இருக்கிறதே' என்று தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. 'அப்படியானால் எனக்குப் பயமில்லை.' ஒரு நொடிதான். அந்த நொடியைத் தாண்டிப் பொத்தானை அழுத்தினேன். என்னத்தைச் சொல்ல. அதற்குப் பிறகும் நாலு மாதம் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து அவரைக் கைது செய்தார்கள். பழைய அஞ்சலிக் குறிப்புகளை வைத்து மெஷின் கண்டுபிடித்திருந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். 'எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி' என்றார்கள். என் அக்கா, "இந்த வயசுல இந்தம்மாவுக்கு ஏன் இந்த வேலை?" என்றாள். நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

நாற்பத்தொரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நான் போய்ச் சொன்னால் இரண்டு பேரும் உள்ளே போவோம், வெளியே ஒருத்தராவது இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் பயம், வேறொன்றும் இல்லை. நாற்பத்தொன்றாம் நாள் மார்க்கெட்டில் அருளப்பன் சாரைப் பார்த்தேன். ஃபிலோமினாவின் வீட்டுக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. அவருக்கு நாளிதழ் படித்துக் காட்டுவதே அந்த அம்மாதான். என் குரலை வைத்து அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"மணி சார், ஃபிலோ உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. பதினாலாம் நம்பர் பஸ்ஸுல ஏறாதீங்கன்னா. என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன்."

தெரியாமலா இருக்கும்? அவருக்கு எல்லாம் தெரியும். என்னத்தைச் சொல்ல. அந்தத் திங்கட்கிழமை நான் முதல் தடவையாக வரிசையில் போய் நின்றேன்.

அங்கே நித்திலன் என்று ஓர் இளம் அதிகாரி. கத்தவில்லை, மிரட்டவில்லை. நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுத்துல கொடுங்க சார்" என்று தாளும் பேனாவும் கொடுத்தார். நான்கு பக்கம் எழுதினேன். மெஷின் வழியாக விட்டார். வெளியே வந்த சீட்டைப் பார்த்துவிட்டு எனக்காக வருத்தப்பட்டார்.

"பதினெட்டு சதவீதம் சார்."

"அது தப்பா இருக்கும். பாஸ்வேர்டு சொல்றேன், பாருங்க."

"சொல்லுங்க, சரியாத்தான் இருக்கும். அந்தம்மாவும் சொன்னாங்க." உண்மைதான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நான்தான் கொடுத்து வைத்திருந்தேன். "யாரு ஏத்தினாங்கன்னு சட்டம் பெருசா எடுத்துக்கறது இல்ல. அதுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். யாரு எழுதினாங்கங்கறதுதான் கேள்வி. அது நீங்க இல்லன்னு மெஷின் சொல்லுது."

"இருபத்தாறு வருஷம் பத்திரிகையில எழுதினவன் சார் நான். அதையெல்லாம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க."

அவர் தயங்கினார். "நீங்க எழுதிட்டு இருக்கறப்பவே பார்த்துட்டேன். உங்க பேர்ல வந்த செய்தி எல்லாமே அந்தம்மா நடைதான் சார் காட்டுது."

என்னத்தைச் சொல்ல. இருபத்தாறு வருடம்.

நான் எழுந்திருக்கவில்லை. அவர் கதவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தம்மாவுக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் எழுதற சோதனை வச்சோம். அவசரப்படாதீங்கம்மா, இஷ்டப்படி எழுதுங்கன்னு ரெண்டு தடவை நானே சொன்னேன். கொஞ்சம் கோணல் மாணலா எழுதியிருந்தா எண்பதுக்குக் கீழ வந்திருக்கும், வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஆனா எங்க ஆளுங்க தேடிக்கிட்டே இருந்திருப்பாங்க. அவங்க அதை யோசிச்சாங்களோ என்னவோ! அவ்வளவு அழகா ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாங்க சார். தொண்ணூத்தேழு."

"நான் எண்பதைத் தொட்டா?"

"ஒரு எழுத்துக்கு ஒருத்தர்தான்னு சட்டம். அவங்க கேஸை மறுபடி திறக்கணும். அவங்க வீட்டுக்குப் போகலாம். நீங்க இங்க வரணும்."

அன்றிலிருந்து நான் ஃபிலோமினா மாதிரி எழுதப் பழகுகிறேன். நூலகத்தில் பழைய இதழ்களை எடுத்து அவர் எழுதிய அஞ்சலிகளைக் கையால் படி எடுத்தேன். அவர் எதை அடிப்பார், எங்கே நிறுத்துவார் என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக் கேட்டு எழுதினேன். முப்பத்தொன்று வந்தது. ஐம்பத்திரண்டு வந்தது. போன மாதம் எழுபத்தாறு. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் எழுதக் கற்றுக்கொள்கிறேன், வாத்தியார் ஜெயிலில் இருக்கிறார்.

ஆகையால் ஒரு வேலை செய்யப் போகிறேன். இந்தத் தாள்களை அருளப்பன் சாரிடம் கொடுத்து உள்ளே அனுப்பப் போகிறேன். வழக்கம் போலத் திருத்திக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லியனுப்புவேன். அவர் பேனா பட்டுவிட்டால் எண்பதைத் தாண்டிவிடும். அவரால் கோணலாக விட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதைத்தான் கொடுத்தனுப்பினேன்.

சிறை அலுவலர் படித்துப் பார்த்துவிட்டு முதல் தாளில் 'கதை' என்று முத்திரை குத்தி உள்ளே விட்டிருக்கிறார். பன்னிரண்டு நாள் கழித்து அருளப்பன் சார் திருப்பிக் கொண்டுவந்தார். தடவித் தடவிப் பையிலிருந்து எடுத்தார்.

"என்னமோ ரொம்ப நேரம் உக்காந்து பண்ணியிருக்கா. பச்சைப் பேனா அங்க கிடைக்கலையாம்" என்றார்.

நீல மை. வாசலிலேயே நின்று பிரித்தேன். முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரைப் போலவே நான் சுருக்கமாக எழுதியிருந்த இடங்களை நீட்டியிருந்தார். ஒழுங்காக நின்ற வரிகளை இடம் மாற்றியிருந்தார். ஆரம்பத்தில் வந்த அந்தத் திருடன் வரி நான் எழுதியது இல்லை. அது என் பழைய அலட்டல், அவர் ஞாபகம் வைத்திருந்து போட்டிருக்கிறார். பத்தி முடிகிற இடங்களில், இருபது வருடம் அடித்து அடித்து ஓய்ந்த அந்த இரண்டு வார்த்தைகளை, தன் கையாலேயே எழுதியிருந்தார். நீங்கள் இதுவரை படித்ததில் ஆறு இடத்தில் தனியாக நிற்கிறது. ஆறில் ஒன்றுகூட நான் போட்டது இல்லை.

தெரிந்தே கோணலாக விட வராத கை அது. எனக்காக வரவழைத்திருக்கிறது. ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

அருளப்பன் சார், "நல்லா வந்திருக்கா சார்?" என்று கேட்டார்.

"வந்திருக்குங்க" என்றேன். அழுதேன். அவருக்குக் கண் தெரியாதது அன்றைக்கு எனக்கு உதவியாக இருந்தது, அதற்கும் வெட்கப்படுகிறேன்.

நீல மையை விட்டுவிட்டுப் பழையபடி படி எடுத்துக் கொடுத்திருக்கலாம். எழுபத்தாறோ, ஒருவேளை எண்பதோ வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திருத்தம் எதையும் நான் ஒருநாளும் மறுத்ததில்லை, உள்ளே இருப்பவர் அவர், முடிவு சொல்ல அவருக்குத்தான் உரிமை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கு இன்டர்நெட் சென்டரில் அந்த வெள்ளிக்கிழமையே தெரியும். அவர் திருத்தியபடியே படி எடுத்தேன்.

திங்கட்கிழமை நித்திலன் தாள்களை வாங்கி மெஷினில் விட்டார். சீட்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார், பதினெட்டு! முதல் நாள் வந்த மாதிரியே ஆயிட்டீங்க?"

நான் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"என்னத்தைச் சொல்ல" என்றேன்.

இந்த ஒன்று மட்டும் என்னுடையது.